முதியோர் இல்ல மேலாளருக்கு எதைக் கற்பிக்க வேண்டும்?

நூறு முதியவர்கள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தை நடத்துபவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? மருந்து ஆள் மாறிப் போகாமல் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும். மறதிநோயால் நடுராத்திரியில் வாசற்கதவைத் தட்டி “வீட்டுக்குப் போகணும்” என்று அழும் பெரியவரை அதட்டாமல், கட்டிப்போடாமல் படுக்கைக்கு அழைத்துவரும் ஊழியரை வளர்க்கத் தெரிய வேண்டும். சமையற்காரர் வராத நாளில் சர்க்கரை நோயாளிகளுக்குக் காலைச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். தொலைவிலிருந்து போனில் பேசும் மகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லத் தெரிய வேண்டும். இவ்வளவும் தெரிந்தவருக்கு அடுத்த மாதச் சம்பளப் பணம் யாரிடமிருந்து வருகிறது, கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, வாடகை ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சொன்னவை செவிலியின் அறிவு. பின்னால் சொன்னவை வணிகரின் அறிவு. இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்ப்பதற்கென்றே முதுகலைப் படிப்புகளை உருவாக்கிய நாடு அமெரிக்கா. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே நடந்துவரும் இந்த முயற்சியில் நாம் படிக்க நிறைய இருக்கிறது. தவிர்க்கவும் நிறைய இருக்கிறது. என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். இத்தகைய படிப்பைப் பாடப்பட்டியலின் நீளத்தை வைத்து எடைபோடக் கூடாது. டூட்டிப் பட்டியலையும் குத்தகைப் பத்திரத்தையும் ஒரே மேசையில் விரித்து, ஒன்று மற்றதை என்ன செய்கிறது என்று பார்க்க அது மாணவருக்குக் கற்றுத்தருகிறதா? அதுதான் அளவுகோல்.

உரிமம் வந்த வழி

1965-ல் அமெரிக்காவில் மெடிகேர், மெடிகெய்ட் என்ற இரு திட்டங்கள் சட்டமாயின. முதலாவது, 65 வயதைக் கடந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடு. மற்றது, ஏழைகளுக்காக மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து செலவிடும் மருத்துவ உதவி. அதுவரை அங்கே முதியோர் பராமரிப்பு இல்லம் என்றால் பெரும்பாலும் தேவாலயங்கள் நடத்திய விடுதிகள், மாவட்ட நிர்வாகத்தின் ஏழையர் இல்லங்கள், செவிலியராக இருந்த பெண்மணி தன் பெரிய வீட்டில் பத்துப் பதினைந்து பேரை வைத்துக் கவனித்துக்கொண்ட சிறு இடங்கள். அரசுப் பணம் வரத் தொடங்கியதும் முதலீட்டாளர்கள் வந்தார்கள். சங்கிலித்தொடராக இல்லங்கள் முளைத்தன. அவற்றின் பங்குகள் சந்தையில் விற்பனையாயின. பணம் வந்த வேகத்துக்கு நடத்தத் தெரிந்த ஆள் வரவில்லை.

1967-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம், மெடிகெய்ட் பணம் வாங்கும் பராமரிப்பு இல்லங்களின் நிர்வாகிகளுக்கு உரிமம் வழங்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு மாநிலமும் செய்தாக வேண்டும் என்றது. மருத்துவமனை நிர்வாகிக்கே அங்கே இப்படி ஓர் உரிமம் கிடையாது. முதியோர் இல்ல நிர்வாகிக்கு வந்ததற்குக் காரணம் எளிது: மருத்துவமனை நோயாளி சில நாட்களில் வீடு திரும்புகிறார், நடந்ததைச் சொல்கிறார்; இல்லத்தில் இருப்பவர் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கிறார், சொல்வதற்கு நா எழாத நிலையிலும் இருக்கிறார்.

அதே 1967-ல் வடக்கு டெக்சாஸ், தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகங்கள் முதுமையியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கின. 1975-ல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் லெனர்ட் டேவிஸ் முதுமையியல் பள்ளியை நிறுவியது. உடல் எப்படி மூப்படைகிறது, மனம் என்ன ஆகிறது, சமூகம் முதியவரை எங்கே வைக்கிறது என்பவைதாம் இவற்றின் தொடக்கக் கேள்விகள். கணக்கேடு பிறகுதான் வந்தது. இந்தப் பிளவு இன்னும் முழுதாக ஆறவில்லை. முதுமையை ஆழ்ந்து படித்தவர்கள் ஒருபக்கம். ஓட்டல், ரியல் எஸ்டேட், மருத்துவமனை நிர்வாகம் ஆகியவற்றிலிருந்து வந்து இல்லங்களை நடத்துபவர்கள் மறுபக்கம்.

இடையில் ஊழல்கள் வெடித்தன. 1970-களின் நடுவில் நியூயார்க்கில் பெர்னார்டு பெர்க்மன் என்பவரின் இல்லங்களில் நடந்த மெடிகெய்ட் மோசடி நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1976-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1987-ல் வந்த பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம், இல்லவாசிக்கு உரிமைகள் உண்டு என்று எழுதிவைத்தது. கட்டில், நாற்காலியோடு ஆளைப் பிணைத்து வைப்பது அதன்பின் படிப்படியாகக் குறைந்தது. ஒவ்வொருவரின் நிலையையும் குறித்த காலத்தில் மதிப்பிட்டு எழுதிவைக்கும் முறையும் அப்போது வந்ததே. மேலாளர் படிப்பின் பாதியை எழுதியவர்கள் பேராசிரியர்கள் அல்லர், இந்தச் சட்டங்களே.

ஒரு கட்டுநர், ஒரு பள்ளி

மேரிலாந்து மாநிலத்தின் கேட்டன்ஸ்வில் என்ற ஊரில் பாதிரியார் பயிற்சிக் கல்லூரி ஒன்று மூடிக்கிடந்தது. 1983-ல் ஜான் எரிக்சன் அதை வாங்கி ‘சார்ல்ஸ்டவுன்’ என்ற முதியோர் குடியிருப்பாக மாற்றினார். நடமாடும் தெம்போடு வருபவர் தனி வீட்டில் இருப்பார். தளர்ந்தபின் உதவியோடு வாழும் பகுதிக்குப் போவார். படுத்துவிட்டால் அதே வளாகத்தின் பராமரிப்புப் பிரிவுக்குப் போவார். சேரும்போது பெரிய தொகை ஒன்றைக் கட்ட வேண்டும்; அதன்பின் மாதக் கட்டணம். நடுத்தர வர்க்கத்தினர் சொந்த வீட்டை விற்று அந்தத் தொகையைக் கட்டினார்கள். குடியிருப்புகள் பெருகின. 2004-ல் அதே ஊரில் உள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்துக்கு எரிக்சன் 50 லட்சம் டாலர் கொடுத்தார். எரிக்சன் பள்ளி பிறந்தது. முதியோர் சேவை மேலாண்மை என்ற பெயரிலேயே இளங்கலையும் முதுகலையும் அங்கே வந்தன. முதுமையியல், அரசுக் கொள்கை, வணிக மேலாண்மை மூன்றையும் ஒரே பட்டத்தில் பின்னியதுதான் அந்தப் பள்ளியின் தனித்தன்மை.

2009 அக்டோபரில் எரிக்சனின் நிறுவனம் திவால் மனு போட்டது. வீட்டுச் சந்தை சரிந்ததும் முதியவர்களால் தங்கள் வீட்டை விற்க முடியவில்லை. விற்க முடியாதவர்கள் சேரவில்லை. புதியவர்கள் சேராமல் கட்டுமானக் கடனை அடைக்க முடியவில்லை. 2010-ல் வேறு முதலீட்டாளர் வாங்கினார். குடியிருப்புகள் நிலைத்தன, பள்ளியும் நிலைத்தது.

இந்தத் துறையின் நிதிப்பாடத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கதையின் உள்கணக்குதான். சேரும்போது வாங்கும் தொகை வருமானம் போலத் தெரியும். உண்மையில் அது கடன். திருப்பித் தருவதாக ஒப்பந்தம் இருந்தால் வாரிசுகளுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் அடுத்து வருபவர் கட்டும் தொகையிலிருந்துதான் வரும். திருப்பித் தராத ஒப்பந்தமானால், அந்தத் தொகைக்கு ஈடாக அவர் வாழும் காலம் முழுக்கச் சேவை செய்ய நிறுவனம் கட்டுப்பட்டிருக்கிறது. இல்லவாசிகள் சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார்கள், அதில் எத்தனை ஆண்டு படுக்கையில் கழியும் என்று கணிக்காமல் இந்தத் தொழிலில் லாப நட்டக் கணக்கே போட முடியாது. இதைக் கணிக்கத் தெரியாத மேலாளர் கையில் பணம் நிறைந்திருப்பதாக நம்பி அடுத்த கட்டடத்துக்கு அடித்தளம் போடுவார். பொதுவான எம்.பி.ஏ. படிப்பில் இந்தப் பாடம் கிடைக்காது. ஓட்டல் மேலாண்மையில் நிச்சயமாகக் கிடைக்காது. முதியோர் சேவைக்கென்று தனிப் படிப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இதை ஒட்டியது, யார் பணம் கட்டுகிறார்கள் என்ற கேள்வி. மெடிகேர், மருத்துவமனையிலிருந்து வருபவரின் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அதிகபட்சம் 100 நாள் வரைதான் கொடுக்கும். நீண்டகாலப் பராமரிப்புக்குக் கொடுக்காது. சொந்தப் பணம் கரைந்தபின் மெடிகெய்ட் வரும். அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேருக்குப் படியளப்பது மெடிகெய்ட்தான். மெடிகேர் தரும் தினக்கட்டணம் அதிகம், மெடிகெய்ட் தருவது குறைவு. ஆகவே குறுகியகாலச் சிகிச்சைக்கு வருபவரை இழுப்பதிலும், நெடுங்காலம் தங்கும் ஏழையைத் தவிர்ப்பதிலும் மேலாளரின் சாமர்த்தியம் செலவாகிறது. இந்தச் சாமர்த்தியத்தையும் வகுப்பறைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் ஏழையைப் பற்றியும் அதே வகுப்பில் பேசினால்தான் அது கல்வி.

பட்டம் உதவுகிறதா?

உரிமத் தேர்வை நாடு முழுவதற்கும் நடத்துவது நீண்டகாலப் பராமரிப்பு நிர்வாகி வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு. பராமரிப்பு, இயக்கம், சூழலும் தரமும், தலைமை என்று நிர்வாகியின் வேலையை அது பிரித்துவைத்திருக்கிறது. பராமரிப்பு இல்லம், உதவியோடு வாழும் குடியிருப்பு, வீட்டுக்கே போய்ச் செய்யும் சேவை மூன்றையும் நடத்தத் தகுதி தரும் ஒருங்கிணைந்த சான்றிதழும் உண்டு. முதியவர் இந்த மூன்றுக்கும் இடையில் போய்வந்துகொண்டே இருப்பதால் இந்த இணைப்பு நல்ல யோசனை.

ஆனால் உரிமத்துக்கான கல்வித் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. 2022-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் பராமரிப்பு இல்லங்களின் தரம் பற்றிப் பெரிய அறிக்கை வெளியிட்டன. நிர்வாகிக்கு நாடு முழுவதும் குறைந்தது இளங்கலைப் பட்டமாவது கட்டாயமாக வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. உரிமச் சட்டம் வந்து 55 ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பரிந்துரையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

முதுகலைப் பட்டம் பெற்றவர் நடத்தினால் இல்லம் மேம்படுகிறதா? 2015-ல் வெளியான ஆய்வுகள், உயர்பட்டமும் தொழில்முறைச் சான்றிதழும் உள்ள நிர்வாகிகளின் இல்லங்களில் தரக் குறியீடுகள் சில மேலாக இருந்ததைக் காட்டின. இதை வைத்துப் பட்டமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வசதியுள்ள நல்ல இல்லம் படித்தவரை வேலைக்கு எடுத்திருக்கலாம். இன்னும் பழைய சான்று ஒன்று எனக்கு அதிகம் நம்பிக்கை தருகிறது: நிக்கலஸ் காசில் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், நிர்வாகி அடிக்கடி மாறும் இல்லங்களில் தரம் தாழ்ந்திருந்தது. ஓர் இல்லத்தில் ஐந்தாறு ஆண்டு தாக்குப்பிடிப்பவரை உருவாக்குகிறதா என்று படிப்பைக் கேட்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

தாக்குப்பிடிப்பவர் களத்தில்தான் உருவாகிறார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஓ கிளேர் வளாகத்தில் நடக்கும் சுகாதார நிர்வாகப் படிப்பு வெறும் இளநிலைப் பட்டம்தான். ஆனால் அதில் மாணவர் ஏறத்தாழ ஓராண்டு முழுக்கப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் இருந்து சமையலறை, சலவை, கணக்குப்பிரிவு, செவிலியர் நிலையம் என்று எல்லாப் பிரிவுகளிலும் வேலை பழக வேண்டும். முழுக்க இணையவழியில் முடித்துவிடக்கூடிய முதுகலைப் பட்டங்கள் இன்று பெருகிவருகின்றன. வேலையில் இருப்பவர் மேற்படிப்புப் படிக்க அவை வசதி, மறுக்கவில்லை. இல்லத்தின் வாடையே அறியாத இளைஞருக்கு அந்த வழியில் மேலாளர் பட்டம் கொடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

டூட்டிப் பட்டியல்

இப்போது அந்த மேசைக்கு வருவோம். 2024-ல் அமெரிக்க அரசு, பராமரிப்பு இல்லங்களில் ஓர் இல்லவாசிக்கு நாளொன்றுக்கு மொத்தம் 3.48 மணி நேரச் செவிலியர் உழைப்பு இருக்க வேண்டும் என்று விதி போட்டது. அதில் 2.45 மணி, உதவிச் செவிலியருடையது. குளிப்பாட்டி, ஊட்டி, கழிப்பறைக்கு அழைத்துப்போய், புரட்டிப் படுக்கவைப்பவர்கள் அவர்கள்தாம்.

நூறு பேர் உள்ள இல்லத்துக்கு இதைப் போட்டுப்பார்க்கலாம். 2.45 மணியை நூறால் பெருக்கினால் நாளுக்கு 245 மணி. எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் ஏறத்தாழ 31 ஷிப்ட். காலையில் 12 பேர், மாலையில் 11 பேர், இரவில் 8 பேர் என்று பிரிக்கலாம். இரவில் ஒருவர் பன்னிரண்டு, பதின்மூன்று பேரைப் பார்த்துக்கொள்வார். இருவர் வராவிட்டால் அது பதினேழாகும். அந்தப் பதினேழு பேரில் ஒருவர் விழுந்துவிட்டால் மற்றப் பதினாறு பேரின் மணியோசைக்கு அரைமணி நேரம் யாரும் வரமாட்டார்கள். வாரத்துக்கு 217 ஷிப்ட்; ஆளுக்கு ஐந்து நாள் வேலை; ஆக விடுப்பைக் கணக்கில் எடுக்காமலே 43, 44 பேர் வேண்டும்.

அமெரிக்காவில் இந்த ஊழியர்கள் எவ்வளவு வேகமாக வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதைக் காந்தி, யூ, கிராபௌஸ்கி ஆகியோர் 2021-ல் வெளியிட்ட ஆய்வு சம்பளப் பதிவுகளிலிருந்து கணக்கிட்டது. செவிலியர் பணியாளரின் ஆண்டு மாற்று விகிதம் சராசரியாக 128 சதவீதம். நம்முடைய 43 பேருக்கு இதைப் பொருத்தினால் ஆண்டுக்கு 55 புது ஆள். வாரத்துக்கு ஒருவருக்கு மேல். ஒவ்வொரு வாரமும் யாரோ ஒரு புதியவர், எந்தப் பாட்டிக்கு இடது பக்கம் படுத்தால் வலிக்கும், எந்தத் தாத்தாவுக்குக் கஞ்சி நீர்க்க இருந்தால் புரையேறும் என்று தெரியாமல் அறைக்குள் நுழைகிறார். தரம் என்று அறிக்கைகளில் எழுதுவதெல்லாம் கடைசியில் இங்கே வந்து நிற்கிறது.

இந்தத் தகவல் வெளியே வந்ததே நிர்வாகச் சீர்திருத்தம் ஒன்றால்தான். 2016 முதல் இல்லங்கள் தங்கள் சம்பளப் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டே பணியாளர் எண்ணிக்கையை அரசுக்கு அனுப்ப வேண்டும். அதற்குமுன் ஆய்வாளர் வரும் சமயத்தில் இல்லம் தானே சொல்லும் எண்தான் ஆவணம். புதிய பதிவுகளை ஆராய்ந்தபோது, வார இறுதியில் ஆட்கள் குறைவதும் ஆய்வாளர் வரும் நாட்களை ஒட்டி ஆட்கள் கூடுவதும் தெரியவந்தன. மேலாண்மை மாணவர் முதல் பருவத்திலேயே இந்தப் பொதுத் தரவை எடுத்து, தன் ஊரில் உள்ள இல்லத்தின் ஞாயிற்றுக்கிழமையைப் படித்துப்பார்க்க வேண்டும் என்பேன்.

அந்த 2024 விதியை இல்லங்களின் சங்கங்கள் எதிர்த்து வழக்காடின. 2025-ல் டெக்சாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆள் கிடைக்கவில்லை, பணம் கட்டாது என்பவை இல்லங்களின் வாதம். ஆள் கிடைக்காதது உண்மைதான். கிடைத்த ஆள் ஏன் நிற்பதில்லை என்பதற்குப் பதில் கூலியிலும், முதுகுவலியிலும், மேற்பார்வையாளர் பேசும் விதத்திலும் இருக்கிறது. மூன்றில் இரண்டேனும் மேலாளரின் கைக்குள் இருப்பவை.

குத்தகைப் பத்திரம்

கூலியை உயர்த்தப் பணம் இல்லை என்று மேலாளர் சொன்னால், பணம் எங்கே போனது என்று கேட்கத் தெரிய வேண்டும்.

எச்.சி.ஆர். மேனர்கேர் அமெரிக்காவின் பெரிய பராமரிப்பு இல்லத் தொடர்களில் ஒன்று. 2007-ல் கார்லைல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் அதைச் சுமார் 630 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய பணத்தில் பெரும்பகுதி கடன். 2011-ல் இல்லங்களின் நிலத்தையும் கட்டடங்களையும் மட்டும் பிரித்து எச்.சி.பி. என்ற ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைக்கு 610 கோடி டாலருக்கு விற்றார்கள். அதுவரை சொந்தக் கட்டடத்தில் இருந்த இல்லங்கள் அன்றிலிருந்து வாடகைக் குடிகளாயின. ஆண்டு வாடகை 47 கோடி டாலருக்கு மேல், ஆண்டுதோறும் ஏறும். மெடிகெய்ட் கட்டணமோ அந்த வேகத்தில் ஏறவில்லை. 2018-ல் மேனர்கேர் 700 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனோடு திவாலானது.

சொத்தை விற்று அதையே வாடகைக்கு எடுப்பதை வணிகப் பள்ளிகளில் முடங்கிய மூலதனத்தை விடுவிக்கும் உத்தியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். தொழிற்சாலைக்கு அது பொருந்தலாம். இங்கே வாடகை அசையாது, காப்பீடு அசையாது, மருந்துச் செலவு அசையாது. செலவுகளில் குறைக்கக்கூடியது ஊழியரின் மணி நேரம் ஒன்றுதான். இரவில் எட்டுப் பேர் ஆறு பேராவது இந்த வழியில்தான். அதுல் குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் தனியார் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிய இல்லங்களை ஆராய்ந்து 2021-ல் முதலில் வெளியிட்ட முடிவு கடுமையானது: குறுகியகாலச் சிகிச்சைக்கு வந்த மெடிகேர் நோயாளிகளிடையே உயிரிழப்பு 10 சதவீத அளவில் கூடியிருந்தது, உதவிச் செவிலியரின் நேரம் குறைந்திருந்தது, மனநோய்க்கான மருந்துகளைக் கொடுப்பது கூடியிருந்தது. பிரிட்டனில் 31,000 முதியவர்களைப் பராமரித்த சதர்ன் கிராஸ் நிறுவனம் 2011-ல் சரிந்ததற்கும் ஏறும் வாடகைக் குத்தகைகளே முக்கியக் காரணம்.

இல்லத்தின் மேலாளர் இந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவதில்லை. அவற்றின் விளைவை அவர்தான் ஒவ்வொரு நாளும் அறைக்கு அறை பங்கிட்டுக் கொடுக்கிறார். அதனால்தான் அவருக்கு அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். வேலையில் சேரும்முன் குத்தகையைக் காட்டச் சொல்லிக் கேட்பவராகவும், வாடகை இவ்வளவு என்றால் இரவு டூட்டிக்கு எட்டுப் பேரை வைக்க முடியாது, எனவே இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடியவராகவும் ஒரு முதுகலைப் பட்டதாரி வெளியே வர வேண்டும்.

வேறு வழிகள்

பணம் வரும் வழியை மாற்றினால் பராமரிப்பும் மாறும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் 1971-ல் தொடங்கிய ‘ஆன் லோக்’ சான்று. சீன முதியவர்கள் தங்கள் தெருவை விட்டு இல்லத்துக்குப் போக விரும்பவில்லை. பகலில் ஒரு மையத்தில் மருத்துவம், உணவு, உடற்பயிற்சி, இரவில் வீடு. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை நிறுவனத்துக்கு வரும். அவர் இல்லத்தில் சேர நேர்ந்தால் அந்தச் செலவும் அதே தொகையிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே அவரை வீட்டிலேயே நடமாட வைப்பது நிறுவனத்துக்கும் லாபம். 1997-ல் இந்த முறையை அமெரிக்க அரசு மெடிகேர் திட்டத்தின் நிரந்தரப் பகுதியாக ஏற்றது. நிலையான தொகை வாங்கிக்கொண்டு தேவையான சிகிச்சையைக் குறைத்துக்கொடுக்கும் ஆபத்தும் இதில் உண்டு, கண்காணிப்பு வேண்டும்.

மருத்துவர் பில் தாமஸ் முன்வைத்த ‘பசுமை இல்லம்’, 2003-ல் மிசிசிப்பியின் டுபெலோ நகரில் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வீடு. ஆளுக்கொரு தனி அறை. நடுவில் திறந்த சமையலறை. சமைப்பவரும் குளிப்பாட்டுபவரும் ஒருவரே. கொரோனாக் காலத்தில் பெரிய இல்லங்களைவிட இவற்றில் தொற்றும் இறப்பும் குறைவாக இருந்தன. நெதர்லாந்தில் யோஸ் தே பிளாக் 2006-ல் தொடங்கிய ‘பியூர்ட்சோர்க்’ என்ற வீட்டுச் செவிலியர் சேவை இன்னும் ஒருபடி மேலே போனது. அதிகபட்சம் 12 செவிலியர் கொண்ட குழு தன் நோயாளிகளை, நேரத்தை, வேலைப் பகிர்வைத் தானே முடிவு செய்யும். இடையில் மேலாளரே இல்லை. மேலாண்மைப் படிப்பு நடத்தும் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டிய சவால் இது.

ஜப்பான் வேறு பாதை. 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கிய அந்த நாடு, ஒவ்வொரு முதியவருக்கும் எந்தச் சேவை எவ்வளவு என்று திட்டமிடக் ‘கேர் மேனேஜர்’ என்ற பணியை உருவாக்கியது. மருத்துவம் அல்லது சமூகநலப் பணியில் ஐந்தாண்டு அனுபவம் இருந்தால்தான் அதற்கான தேர்வையே எழுதலாம். முதலில் கை பழக வேண்டும், பிறகுதான் திட்டம் போடும் உரிமை. இந்த வரிசை சரியானது என்பது என் கருத்து.

இனி நம் ஊர்

தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவீதம் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் மதிப்பீடு சொல்கிறது. கேரளத்துக்கு (16.5 சதவீதம்) அடுத்த இடம். முதியோர் மருத்துவத்தில் நாம் முன்னோடிகள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே முதியோர் பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-ல் வந்த முதியோர் நல எம்.டி. படிப்பு இந்தியாவிலேயே முதல். 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவருக்குப் படிப்பு இருக்கிறது. இல்லத்தை நடத்துபவருக்கு?

கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் வரிசையாக வந்துவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரும், ஓய்வுபெற்ற வங்கி, அரசு அலுவலர்களும் வீடு வாங்கிக் குடியேறுகிறார்கள். கட்டுநர் வீட்டை விற்கிறார். மாதாமாதம் மெயின்டனன்ஸ் வாங்கிக்கொண்டு சாப்பாடு, துப்புரவு, ஆம்புலன்ஸ் பார்ப்பது பெரும்பாலும் வேறு நிறுவனம். கட்டடம் ஒருவருடையது, சேவை மற்றவருடையது. மேனர்கேரில் பார்த்த அதே பிளவு இங்கே சிறிய அளவில் இருக்கிறது. வாங்கும்போது 65 வயதுத் தம்பதிக்கு நடைபாதையும் நூலகமும் போதும். பதினைந்து ஆண்டு கழித்து இருவரில் ஒருவர் படுக்கையில் இருப்பார். மற்றவருக்குக் காது கேட்காது. அந்த ஆண்டுகளுக்கான ஆளும் பணமும் எங்கே என்று விற்பனை விளம்பரத்தில் இருக்காது. 2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதல்கள், கட்டுநர், சேவை நிறுவனம், வாங்குபவர் மூவருக்கும் இடையே முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும் என்கின்றன. அவை வழிகாட்டுதல்கள் மட்டுமே, சட்டம் அல்ல. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டந்தோறும் 150 பேருக்கான இல்லம் அமைப்பது பற்றி அது பேசுகிறது. இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் கொண்டுவர 2019-ல் வைத்த திருத்த மசோதா, 17-வது மக்களவை கலைந்ததும் காலாவதியானது.

பணியாளர் நிலைமை நமக்குத் தெரிந்ததே. ஏஜென்சி அனுப்பும் ‘ஹோம் நர்ஸ்’ பெரும்பாலும் நர்சிங் படித்தவர் அல்லர். பன்னிரண்டு மணி நேர டூட்டி. பலருக்கு இருபத்துநான்கு மணி நேரமும் அதே வீடு. குடும்பம் கட்டும் பணத்தில் ஏஜென்சி எடுத்தது போக அந்தப் பெண் கைக்கு எவ்வளவு வருகிறது என்று பல வீடுகளில் கேட்பதே இல்லை. மத்திய அரசின் தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. அது பராமரிப்பை மையமாகக் கொண்டது. குடியிருப்பின் வரவுசெலவையும் ஒப்பந்தத்தையும் டூட்டிப் பட்டியலையும் சேர்த்துக் கற்பிக்கும் முதுகலைப் படிப்பு தமிழ்நாட்டில் வேரூன்ற வேண்டும்.

அதற்குப் பொருத்தமான இடம் கோவைதான். குடியிருப்புகள் அங்கே இருக்கின்றன. பி.எஸ்.ஜி. அறக்கட்டளை போல மருத்துவக் கல்லூரியையும் மேலாண்மைக் கல்லூரியையும் ஒரே குடையின் கீழ் நடத்தும் நிறுவனங்களும் அங்கே இருக்கின்றன. படிப்பு இரண்டு ஆண்டு என்றால் முதல் ஆண்டு இல்லத்தில் கழியட்டும்: இரவு டூட்டி, சமையலறை, பிணியாளர் அறை, வரவேற்பு மேசை, கணக்குப்பிரிவு. இரண்டாம் ஆண்டில் வகுப்பறை: ஆயுள் கணிப்பு, டெபாசிட் கணக்கு, ஒப்பந்தச் சட்டம், ஊழியர் ஊதியம், மறதிநோய். ஆங்கிலத்தில் எம்.பி.ஏ. முடித்தவருக்கு மட்டும் என்று கதவை அடைக்காமல், பத்தாண்டு வார்டில் நின்ற செவிலியருக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும். தேர்வுத் தாள் ஒன்று தமிழில் இருக்கட்டும். அவர்கள் பேசப்போவது தமிழ் பேசும் முதியவர்களோடும் ஊழியர்களோடும்தான். அரசு தன் பங்குக்குப் பதிவையும் குறைந்தபட்சப் பணியாளர் எண்ணிக்கையையும் மேலாளர் தகுதியையும் விதியாக்க வேண்டும். விதி இல்லாமல் படிப்பு மட்டும் வந்தால், படித்தவரை வேலைக்கு எடுக்க எந்த முதலாளிக்கும் நெருக்கடி இருக்காது.

அந்தப் படிப்பு வரும்வரை, பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் தோட்டத்தையும் சாப்பாட்டுக் கூடத்தையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். இரவு டூட்டியில் எத்தனை பேர், கடந்த ஓராண்டில் எத்தனை ஊழியர் வேலையை விட்டுப் போனார்கள், கட்டடம் யாருக்குச் சொந்தம், கட்டும் டெபாசிட் எந்தக் கணக்கில் கிடக்கிறது, மேலாளர் இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.